பிள்ளை தலை திரும்பவில்லையா? சிஸ்டரிடம் கேளுங்கள்

மதுரையில் பிரசவ வார்டு நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: குழந்தை தலைகீழாக இறங்காமல் உட்கார்ந்தே இருக்கிறது, ஆபரேஷன் இல்லாமல் தப்பிக்க முடியுமா?

திருமங்கலம்: 32 வாரம் சிஸ்டர். ஸ்கேனில் தலை மேலே இருக்கிறதாம். தூக்கமே வரவில்லை.

தூங்கும்மா. 28 வாரத்தில் நாலைந்து பிள்ளைகளில் ஒன்று அப்படித்தான் இருக்கும். மாதம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று நாலுதான் மிஞ்சும், மற்றவை தானே திரும்பிவிடும். 36-ல் மறுபடி பார்க்கச் சொல்.

சிம்மக்கல்: முதல் பிரசவம், 36 வாரம். வெளியிலிருந்தே கையால் திருப்பலாம் என்கிறார் டாக்டர். எப்படி? வலிக்குமா அக்கா?

முதலில் ஸ்கேன். அப்புறம் வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். கருப்பை தளர டெர்பூட்டலின் ஊசி போடுவதுண்டு. போட்டால் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பயப்படாதே. வயிற்றில் ஜெல் தடவி, ஒரு கையால் குழந்தையின் பிட்டத்தை இடுப்பெலும்புக்குள்ளிருந்து மேலே தூக்குவார் டாக்டர். இன்னொரு கை தலையைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளும். குட்டிக்கரணம் அடிக்க வைப்பதுதான். முன்பக்கமாக வரவில்லை என்றால் பின்பக்கமாக ஒரு முயற்சி. எல்லாம் சில நிமிடம்.

அழுத்தம் நன்றாகவே தெரியும், சிலருக்கு வலிக்கும். "போதும்" என்றால் நிறுத்த வேண்டியதுதான், சொல்லக் கூச்சப்படாதே. மொத்தத்தில் பாதிப் பேருக்குத் திரும்பும். முதல் பிள்ளைக்கு வயிறு இறுக்கமாக இருப்பதால் பத்துக்கு நாலு, அடுத்த பிள்ளைகளுக்கு ஆறு என்று வைத்துக்கொள். சுமார் 200 பேரில் ஒருவருக்கு உடனே ஆபரேஷன் தேவைப்படலாம். அதனால்தான் ஆபரேஷன் தியேட்டர் பக்கத்தில் இருக்கும் இடத்தில் செய்கிறார்கள்.

ஒரு பெண், விலாவுக்குக் கீழே உருண்டையாக முட்டிக்கொண்டிருந்த தலையைத் தடவித் தடவிப் பழகியவள். முடிந்ததும் அங்கே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்கிட்டு இருந்த தேங்காயைக் காணோமே!" என்றாள். உதையும் இடம் மாறி மேலே வந்திருந்தது.

உசிலம்பட்டி: எங்கள் ஊர்ப் பாட்டி ஒருத்தி எண்ணெய் தடவித் திருப்புவார். மகளைக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம்மா. பாட்டியின் கைப்பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. நஞ்சு (நஞ்சுக்கொடி) கருப்பையில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அமுக்கும்போது துடிப்பு இறங்கினாலும் கேட்காது. நஞ்சு பிரிந்து ரத்தம் போனால் உசிலம்பட்டியிலிருந்து பெரியாஸ்பத்திரி வந்து சேரும் நேரம் பெரிய நேரம்.

மேலூர்: என் மனைவிக்கு நேராக ஆபரேஷன் என்கிறார்கள். ஏன் திருப்பவில்லை?

நஞ்சு கீழே இறங்கியிருந்தால், இரட்டைப் பிள்ளை என்றால், பனிக்குடம் உடைந்திருந்தால், சமீபத்தில் ரத்தம் பட்டிருந்தால், துடிப்பு சரியில்லை என்றால் திருப்பமாட்டார்கள். பனிக்குட நீர் மிகக் குறைவாக இருந்தாலும் கஷ்டம். இதில் ஒன்றும் இல்லையா? "உங்களுக்குச் செய்து பழக்கமில்லையா, இவளுக்குச் செய்யக் கூடாதா?" என்று மரியாதையாகக் கேளுங்கள் தம்பி. இரண்டும் வேறு வேறு பதில். பழக்கமில்லை என்றால் பழக்கமுள்ள இடத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். முந்தைய பிரசவம் சிசேரியன் என்பது மட்டுமே தடை ஆகாது.

வில்லாபுரம்: எனக்கு நெகட்டிவ் ரத்தம். திருப்பினால் தனியாக ஏதும் கவனிக்க வேண்டுமா?

திருப்பிய பிறகு ஆன்டி-டி ஊசி உண்டு. மறந்துவிடாமல் நீயே கேள்.

அலங்காநல்லூர்: முட்டி போட்டுக் குனிந்திருந்தால் திரும்புமா?

திரும்பும் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை. தலை சுற்றாமல் இருந்தால் செய்து பார், அதை நம்பி 36-ஆம் வார ஸ்கேனைத் தள்ளிப்போடாதே.

அனுப்பானடி: திருப்பியும் திரும்பவில்லை. ஆபரேஷன்தான். மாமியார் நல்ல நேரம் பார்த்து 37-லேயே எடுக்கச் சொல்கிறார்.

வேறு காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுத்தால் பிள்ளை மூச்சுக்குத் திணறலாம். 39-க்கு மேல் எமகண்டம், ராகுகாலம் தவிர்த்துக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் அதற்குள் பனிக்குடம் உடைந்தால் நேரம் காலம் பார்க்காதீர்கள். தொப்புள்கொடி பிள்ளைக்கு முன்னால் நழுவும் ஆபத்து இந்த நிலையில் அதிகம். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து 108-ஐக் கூப்பிடு. பிறந்த பிறகு, ஆறு வாரம் போலக் குழந்தையின் இடுப்புக்கு ஒரு ஸ்கேன் கேட்டு வாங்கு. உட்கார்ந்தே இருந்த பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு சரியாக அமையாமல் போக வாய்ப்பு கூடுதல்.