கடல் பதில்கள்: முதலில் தொட்டியை எண்ணுங்கள்

கேள்வி: எம்.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறேன். ‘பருவநிலை மாற்றத்துக்குக் கடல் உயிரினங்கள் எப்படி ஈடுகொடுக்கின்றன’ என்று முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. எந்த உயிரினத்தை எடுக்கலாம் மேடம்? திமிங்கிலம் என்றால் எனக்கு உயிர்.

எனக்கும்தான். ஆனால் திமிங்கிலத்தைத் தொட்டியில் விட்டுத் தண்ணீரைச் சூடாக்கிப் பார்க்க முடியாதே! அதன் ஆயுளில் உங்கள் ஐந்து வருஷம் ஒரு மூலைக்குக் காணாது. உங்கள் ஆய்வுக் காலத்துக்குள் வாழ்க்கையின் ஒரு கட்டத்தையாவது முடிக்கிற உயிராகப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் எழுதியிருக்கிற தலைப்பில் இருபது பேருக்குப் பட்டம் கொடுக்கலாம். பூமியில் சேர்ந்த கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது. நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கையும் கடல் வாங்கிக்கொள்கிறது. அதனால் தொழிற்புரட்சிக்கு முன் 8.2 வாக்கில் இருந்த மேல்நீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அமிலம் கூடினால் இது இறங்கும்) இன்று 8.1-க்கு அருகில் வந்துவிட்டது. 0.1 தானே என்று விட்டுவிடாதீர்கள், அது மடக்கைக் கணக்கு, ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு. அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடியிருக்கின்றன. இது போதாதென்று ஆக்ஸிஜனும் குறைந்துவருகிறது. சூடா, அமிலமா, மூச்சுத் திணறலா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

நான் எடுத்தது அமிலம். உயிர், கடல் முள்ளெலியின் (பந்து போல, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடல் பிராணி) லார்வா, அதாவது அதன் குஞ்சுப் பருவம். தாய் முள்ளெலிக்குப் பொட்டாசியம் குளோரைடு ஊசி போட்டுக் குவளையின் மேல் கவிழ்த்து வைத்தால், சில நிமிடங்களில் முட்டைகள் சொட்ட ஆரம்பிக்கும். கருவுற்ற சில நாட்களில் லார்வாவுக்குக் கைகள் நீளும். அந்தக் கைகளுக்குள் ஓடும் குச்சிகள் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அமிலம் கூடிய நீரில் கை எவ்வளவு குட்டையாகிறது? அவ்வளவுதான் என் கேள்வி. நுண்ணோக்கியில் அதை அளந்தே ஐந்து வருஷம் போனது. வீட்டில், “இன்னுமா அந்தக் கை வளரவில்லை?” என்று கேட்பார்கள்.

கேள்வி: ஒரு தொட்டியில் 26 டிகிரி, இன்னொன்றில் 29 டிகிரி. தொட்டிக்கு 50 மீன். மொத்தம் 100 மாதிரிகள் போதும் என்கிறான் நண்பன். சரியா?

சரியில்லை. உங்களிடம் மாதிரிகள் 100 இல்லை, இரண்டுதான்.

29 டிகிரித் தொட்டியின் காற்றுக் குழாய் லேசாக அடைத்திருக்கலாம். அது ஜன்னலோரம் இருக்கலாம். அதில் ஒரு மீனுக்கு நோய் வந்து எல்லாவற்றுக்கும் ஒட்டியிருக்கலாம். அந்த 50 மீன்களும் சேர்ந்து வாடினால், வாட்டியது வெப்பமா தொட்டியா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? நீங்கள் சூடாக்கியது தொட்டியை, ஆகவே எண்ண வேண்டியதும் தொட்டியைத்தான். இப்படி மீன்களை எண்ணி ஏமாறுவதைச் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-லேயே ஒரு கட்டுரையில் போட்டு உடைத்துவிட்டார். இந்தத் தவறைத் தமிழில் போலிப் பிரதிகள் என்று சொல்லலாம்.

அந்தக் கட்டுரையை நானும் படித்திருந்தேன். படித்தும் மாட்டிக்கொண்டேன். அமில நீருக்குப் பத்துப் புட்டி, சாதா நீருக்குப் பத்துப் புட்டி என்று ஜம்மென்று அடுக்கினேன். எட்டு மாதம் கழித்து முடிவுகளைக் காட்டினபோது ஒரு பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: “இந்தப் பத்துப் புட்டிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” ஒரே கலக்கும் தொட்டியிலிருந்து. நான் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. பத்து புட்டியும் ஒன்று!

எட்டு மாதமும் வீண். புட்டிக்கு ஒரு வாயுக் குழாய், தனித்தனி வால்வு என்று எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். பிஎச் மீட்டரைத் தினமும் காலையில் சரிபார்த்தேன். அந்த மீட்டரை நம்பினால் கெட்டீர்கள், அது காட்டும் அளவு ஒரே வாரத்தில் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். இரண்டாம் முறையும் கைகள் குட்டையாகத்தான் இருந்தன. ஆனால் முதலில் நான் கண்ட வித்தியாசத்தில் பாதிதான் இருந்தது.

உங்கள் நண்பனிடம் சொல்லுங்கள்: தொட்டிக்கு ஐந்து மீன் போதும், ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனித்தனித் தொட்டிகள் பல வேண்டும்.

கேள்வி: எந்தப் பாதிப்பும் இல்லை என்று முடிவு வந்தால் பட்டம் கிடைக்காதா?

கிடைக்கும். கோமாளி மீன் கதையைக் கேளுங்கள். அமிலம் கூடிய நீரில் வளர்ந்த அதன் குஞ்சுகளுக்கு மோப்பம் குழம்புகிறது என்று 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. உலகமே பேசியது. 2020-ல் வேறொரு குழு பல வகைப் பவளப்பாறை மீன்களை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தது. சொல்லும்படியான நடத்தை மாற்றம் தெரியவில்லை. ‘இல்லை’ என்ற அந்த முடிவு ‘நேச்சர்’ இதழிலேயே வந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை, அது வேறு விஷயம். சோதனை சுத்தமாக இருந்தால் ‘இல்லை’ என்பதைத் தைரியமாக எழுதுங்கள்.

கேள்வி: நீச்சல் தெரியாது. கப்பலேறினால் வாந்தி. நான் இந்தப் பக்கமே வரக்கூடாதா?

கப்பலேறினால் எனக்கும் வாந்திதான். வாருங்கள். சரக்குக் கப்பல்களின் பின்னால் ஒரு கருவியைக் கட்டியிழுத்துப் பட்டுத் துணியில் மிதவை உயிர்களைப் பிடிக்கும் வேலை 1931-லிருந்து நடக்கிறது. வட அட்லாண்டிக்கின் கிழக்கே, வெதுநீரை விரும்பும் துடுப்புக்காலிகள் (இறால் இனத்தைச் சேர்ந்த பொடி மிதவை உயிர்கள்) நாற்பது ஆண்டில் அட்சரேகைக் கணக்கில் சுமார் 10 பாகை வடக்கே போய்விட்டன என்பது அந்தப் பட்டுத் துணியைப் படித்துத்தான் தெரிந்தது. அந்தத் தரவுகளை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தே ஆய்வு செய்யலாம். புள்ளியியல் மட்டும் நன்றாகத் தெரிய வேண்டும். அதற்கும் வாந்தி வரும் என்றால் மறுபடி எழுதுங்கள்.