மனித உருவ ரோபோவின் தலை இயல்பாக உணர்ச்சி காட்ட வேண்டுமென்றால் வடிவமைப்பை எங்கே தொடங்குவது?

சிலிக்கோன் தோலில் மட்டும் தொடங்காதீர்கள். நான் அங்கேதான் தொடங்கினேன். எட்டு மாதம் வீணாகப் போனது.

உதட்டோரத்தை உள்ளிருந்து நூலால் இழுத்தால் புன்னகை வரும் என்று நினைத்தேன். வந்தது. நூல் ஒட்டியிருந்த இடத்தில் ஒரு குழியும் கூடவே வந்தது. "இதற்குப் பல்வலியா?" என்று கேட்டாள் தங்கை. தசை தோலைப் பரவலாகப் பற்றி இழுக்கும். நூலோ ஒரே புள்ளியில் கிள்ளும். போதாததற்கு, மனம்விட்டுச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றியுள்ள வளையத் தசையும் சுருங்கும். என் பொம்மையில் அதற்கு வழியே வைக்கவில்லை.

தோலைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணுக்கு வந்தேன். முதலில் கண்ணும் கழுத்தும் ஒரே நேரத்தில் திரும்பும்படி நிரல் எழுதியிருந்தேன். கண்காணிப்புக் கேமரா திரும்புவது போலவே இருந்தது. யாராவது கூப்பிட்டால் நாம் எப்படித் திரும்புகிறோம் என்று கவனியுங்கள். கண் முந்திப் பாய்ந்து ஆளைப் பிடித்துக்கொள்கிறது. தலை பின்னால் வருகிறது. தலை வர வர, கண் எதிர்த்திசையில் உருண்டு பார்வையை நழுவாமல் காக்கிறது. பெரிய திருப்பமென்றால் பெரும்பாலும் நடுவே ஓர் இமைப்பும் உண்டு. இந்த வரிசையைச் சரியாக எழுதிய அன்று, திருகாணிகள் தெரியும் அந்த மொட்டை மண்டையைப் பார்த்து, "என்னையா பார்க்கிறது?" என்று தங்கை ஓரடி பின்வாங்கினாள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியில் சிந்தியா பிரசீல் உருவாக்கிய கிஸ்மெட் என்ற ரோபோ தலைக்கும் தோல் கிடையாது. பெரிய கண்கள், புருவம், சிவப்பு ரப்பர் உதடு, அசையும் காது, அவ்வளவுதான். அதனிடமும் மனிதர்கள் கொஞ்சிப் பேசினார்கள். மனிதச் சாயல் கூடிக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஈர்ப்பு பள்ளத்தில் விழுவது போல் அருவருப்பாகச் சரியும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதினார். தனியாளாகச் செய்பவர் அந்தப் பள்ளத்தின் பக்கமே போக வேண்டாம் என்பது என் கட்சி.

அடுத்தது நேரம். உரையாடலில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கப் பொதுவாக ஐந்தில் ஒரு வினாடிதான் ஆகும். உங்கள் கணினி பதில் தயாரிக்க அது போதாது. அந்த இடைவெளியில் ரோபோ முறைத்துக்கொண்டே இருந்தால் பேசியவர் நெளிவார். பார்வையைச் சற்றே விலக்கச் செய்யுங்கள்; யோசிக்கிறது போலும் என்று பொறுத்துக்கொள்வார். பதில் தயாரானதும் முதலில் கண் திரும்பட்டும், பிறகு வாய் திறக்கட்டும்.

கண்ணையும் புருவத்தையும் அசைக்க, சொன்ன கோணத்தில் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார் வேண்டும்; அதில் மலிவானதை வாங்கிவிடாதீர்கள். வெற்றுப் பிளாஸ்டிக் மண்டை சத்தத்தைப் பெருக்கும். நான் சோகம் காட்டப் புருவத்தைத் தாழ்த்திய ஒவ்வொரு முறையும், பானைக்குள் வண்டு புகுந்தது போல் பற்சக்கரம் கிர்ரென்றது. தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.