மாலைதீவுக்கு பிஸ்னஸ் கிளாஸ் எடுக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தை மாதக் கடைசியில் எனக்குக் கலியாணம். தேனிலவுக்கு மாலைதீவு போக யோசிக்கிறம். கொழும்பிலிருந்து போகவர பிஸ்னஸ் கிளாஸ் போடச் சொல்கிறார் முகவர். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிய தொகை. பெறுமதியா?
(கல்லடி வாசகர்)

பதில்: போகவர இரண்டுக்கும் என்றால் பெறுமதி இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து மாலே ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலப் பறப்பு. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் போகும் நேரத்தைக் கழித்தால் மிச்சத்தில் சாப்பாட்டுத் தட்டு வந்து போவதற்குத்தான் நேரம் இருக்கும். இந்தத் தடத்தில் பெரும்பாலும் ஓடுவது எயார்பஸ் ஏ320, ஏ321 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள். அவற்றில் பிஸ்னஸ் என்பது வரிசைக்கு நான்கு பேர் இருக்கும் அகலமான, நன்றாகச் சாயும் நாற்காலி. விளம்பரப் படத்தில் போர்வை போர்த்திப் படுத்திருப்பவர் வேறு விமானத்தில் இருக்கிறார்.

முகவர்கள் வாய் திறக்காத இன்னொரு செலவு, மாலைதீவை விட்டு வெளியேறும்போது அறவிடப்படும் புறப்பாட்டு வரியும் விமான நிலைய அபிவிருத்திக் கட்டணமும். 2024 டிசம்பரிலிருந்து வெளிநாட்டவருக்கு எகானமியில் தலா 50 டொலர், பிஸ்னஸில் தலா 120 டொலர். இரண்டையும் கூட்டினால் ஆளுக்கு எகானமியில் 100, பிஸ்னஸில் 240. டிக்கெட் விலைக்குள்ளேயே சேர்ந்து வருவதால் கண்ணில் படாது. நீங்கள் இருவரும் திரும்பும்போது பிஸ்னஸில் வந்தால் 280 டொலர் கூடுதலாக வரிக்கே போகிறது. அதில் ஒரு சதமும் ஆசனத்துக்கோ சாப்பாட்டுக்கோ அல்ல.

ஆசை விடவில்லை என்றால் போகும்போது மட்டும் பிஸ்னஸ், வரும்போது எகானமி என்று போடச் சொல்லுங்கள். வரி, வெளியேறும் பயணத்தின் வகுப்பைப் பார்த்தே விழும். மட்டக்களப்பிலிருந்து இரவு முழுக்க வான் வண்டியில் குலுங்கி வந்து சேர்கிற உங்களுக்கு, கட்டுநாயக்கவில் லவுஞ்சுக்குள் போய் முகம் கழுவி, சாப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் காலை நீட்டி இருப்பதுதான் அந்த டிக்கெட்டின் உண்மையான பலன். லவுஞ்ச் உண்டா என்பதையும் கேட்டே வாங்குங்கள். சில விமான நிறுவனங்கள் மலிவு பிஸ்னஸ் கட்டணத்தில் லவுஞ்சை வெட்டிவிட்டன.

மிச்சம் பிடித்த காசை ரிசோர்ட்டுக்குப் போகும் வழியில் போடுங்கள். தூரத் தீவுகளுக்குக் கடல் விமானத்தில்தான் போகவேண்டும். அதில் வழமையாக 20 கிலோ பொதியும் 5 கிலோ கைப்பையும்தான். மேலதிக கிலோவுக்குத் தனிக் கட்டணம். பிஸ்னஸ் டிக்கெட்டில் 40 கிலோ தருகிறார்கள் என்று பெட்டியை நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் சிக்குப்படுவது இந்தக் கவுண்டரில்தான். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலேயில் பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு இறங்கினால் அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் அறை எடுக்கவேண்டி வரும். ரிசோர்ட்டில் கட்டிய முதல் இரவும் வீண். ஆகவே காலை விமானமாகப் பாருங்கள். மாலே நேரம் நம்முடையதைவிட அரை மணித்தியாலம் பின்னால்.

அறை விலையில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் அதற்கு வெளியே. 10 வீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் 17 வீதம் வரி. 100 டொலர் அறை 128.70 ஆகிவிடும். ரிசோர்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டொலர் பசுமை வரி வேறு. வீசா முன்கூட்டி எடுக்கத் தேவையில்லை, இறங்கியதும் 30 நாள் கிடைக்கும். ஆனால் 'இமுகா' என்ற பயணி விபர இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முன்னான 96 மணித்தியாலத்துக்குள் இருவரும் தனித்தனியே நிரப்பவேண்டும், திரும்பும்போதும் ஒன்று.

தை மாதம் போவது நல்ல முடிவு. நமக்கு மாரி முடியாத காலம் அங்கே வறட்சிக் காலம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. புதுவருட வாரத்தின் விலையும் மாதக் கடைசிக்குள் இறங்கியிருக்கும்.

கேள்வி: டிக்கெட்டில் 'பிஸ்னஸ்' என்று மட்டும் போட்டிருக்கிறது. படுக்கிற ஆசனமா, சாய்கிற ஆசனமா என்று முன்கூட்டியே எப்படி அறிவது?
(வாழைச்சேனை வாசகர்)

பதில்: வகுப்பின் பெயரை விட்டுவிட்டு விமானத்தின் வகையைப் பாருங்கள். முன்பதிவுப் பக்கத்தில் பறப்பு இலக்கத்துக்குப் பக்கத்தில் ஏ320, ஏ330, பி777 என்று இருக்கும். பிறகு ஆசன வரைபடத்தைத் திறந்து பிஸ்னஸ் வரிசையை எண்ணுங்கள். இரட்டை நடைபாதை விமானத்தில் 1-2-1 என்று இருந்தால் ஏறக்குறைய எப்போதும் முழுத் தட்டையான படுக்கை. யாரையும் தாண்டாமல் நடைபாதைக்கு இறங்கலாம். 2-2-2 என்றால் கவனம். பழைய விமானங்களில் அது சரிவாகப் படுக்கும் ஆசனமாக இருக்கக்கூடும். தூக்கத்தில் மெல்ல மெல்லக் கால்பக்கம் வழுக்கிவிடுவீர்கள். ஒற்றை நடைபாதையில் 2-2 என்றால் நம் பக்கத்துப் பயணங்களில் அது சாயும் நாற்காலிதான்.

கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. பயணத்துக்கு இரண்டு நாள் முன் ஆசன வரைபடத்தை இன்னொரு தரம் திறந்து பாருங்கள். வரிசை அமைப்பு மாறியிருந்தால் உடனே தொலைபேசி எடுத்து மாற்று நாள் கேளுங்கள்.

கேள்வி: எங்கட உம்மாவுக்கு 68 வயது, ரெண்டு முழங்காலிலும் வலி. நானா குடும்பத்தோட சிங்கப்பூர் போய் அங்கிருந்து பாலித் தீவு போறம். உம்மாவுக்கு மட்டும் பிஸ்னஸ் போடலாமா? சாப்பாடு ஹலாலாக வேணும்.
(சாய்ந்தமருது வாசகி)

பதில்: உம்மாவைத் தனியாக முன்னுக்கு இருத்தாதீர்கள். எகானமியில் இருப்பவர் திரைக்கு அப்பால் போய் வர விமானப் பணியாளர்கள் பொதுவாக விடமாட்டார்கள். உம்மா கழிப்பறைக்கு எழும்ப உதவி வேண்டியவர் என்றால், மகளோ மருமகளோ ஒருவர் பக்கத்து ஆசனத்தில் இருக்கவேண்டும். போட்டால் இரண்டு போடுங்கள்.

எந்தப் பறப்புக்குப் போடுவது என்பது அடுத்தது. கொழும்பு–சிங்கப்பூர் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். இரவுப் பயணம், அகல விமானம், 1-2-1 அமைப்பு என்றால் முழங்காலை நீட்டிப் படுக்க இரண்டரை மணித்தியாலமாவது கிடைக்கும், அது பிரயோசனம். சிங்கப்பூர்–பாலி இரண்டரை மணித்தியாலச் சொச்சம். அங்கே எகானமியில் நடைபாதை ஓர ஆசனம் போதும். முன்சுவர் வரிசை கால் நீட்ட வசதிதான், ஆனால் அதன் கைப்பிடிகள் பெரும்பாலும் மேலே எழும்பாது. முழங்கால் வலிக்காரர் பக்கவாட்டில் நகர்ந்து எழும்பக் கஷ்டப்படுவார்.

சக்கர நாற்காலி எந்த வகுப்பிலும் இலவசம். 48 மணித்தியாலத்துக்கு முன் பதியுங்கள். பதியும்போது மூன்று நிலையில் எது என்று கேட்பார்கள்: ஒன்று, தூரம் நடக்க முடியாது, ஆனால் படியேற முடியும்; இரண்டு, படியும் ஏற முடியாது; மூன்று, ஆசனம் வரை தூக்கிக்கொண்டு போகவேண்டும். உம்மாவுக்கு இரண்டாவதைச் சொல்லுங்கள். முதலாவதைப் பதிந்துவிட்டால், பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்தின் கீழே விடும் நாளில் படிக்கட்டின் அடியில் நிற்கவேண்டி வரும். இது அடிக்கடி நடக்கிற பிழை.

சாப்பாட்டுக்கு 'முஸ்லிம் மீல்', குறியீடு எம்.ஓ.எம்.எல். குறைந்தது 24 மணித்தியாலத்துக்கு முன், இரண்டு பறப்புக்கும் தனித்தனியே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டில் இருப்பதும் முக்கியம். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் பிந்த, இரண்டாவது போய்விடும். பிஸ்னஸ் என்றாலும் யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

கேள்வி: எகானமி டிக்கெட் வாங்கிய பிறகு 'உங்கள் விலையைக் கூறுங்கள், பிஸ்னஸுக்கு மாறலாம்' என்று மின்னஞ்சல் வந்தது. ஏமாற்றா?
(அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: ஏமாற்று இல்லை, ஏலம். விற்காத ஆசனங்களை இப்படித் தள்ளுகிறார்கள். ஆனாலும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், நிறுவனத்தின் தளத்துக்கு நேரே போய் முன்பதிவு இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் இருந்தால் உண்மை. நீங்கள் போடும் தொகை வழமையாக ஆளுக்கு, ஒரு பறப்புக்கு. இருவர் போகவர என்றால் நான்கால் பெருக்குங்கள். ஏற்றுக்கொண்டால்தான் கார்டில் காசு கழியும்; கழிந்தால் திரும்பாது. அடிக்கடி பறப்போருக்குச் சேரும் மைல் புள்ளிகளும் சில நிறுவனங்களில் பொதி நிறையும் பழைய எகானமிக் கணக்கிலேயே நிற்கும். விசேட சாப்பாடு பதிந்திருந்தால் அது கைவிட்டுப் போகலாம், திரும்பக் கேளுங்கள். மாலே போன்ற குறும்பயணத்துக்கு ஆகக்குறைந்த தொகைக்கு மேல் ஒரு டொலரும் போடவேண்டாம்.

கேள்வி: காலை விமானம். ஏறாவூரிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படவேண்டும்?
(ஏறாவூர் வாசகர்)

பதில்: ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் வழியாகக் கட்டுநாயக்க ஏறத்தாழ 300 கிலோமீற்றர். வான் நிற்காமல் ஓடினால் ஆறரை, ஏழு மணித்தியாலம். தேநீருக்கும் டயர் காற்றுக்கும் ஒன்றைச் சேருங்கள். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்கவேண்டும். பதினொரு மணித்தியாலம் பின்னோக்கி எண்ணினால் சரி.

கார்த்திகை முதல் தை வரை இந்தக் கணக்கு செல்லாது. மகாவலி பெருகினால் மன்னம்பிட்டிப் பக்கம் வீதி மூழ்கும், ரயிலும் நிற்கும். அம்பாறைக்காரர் மகியங்கனை, கண்டி வழியைப் பிடித்தால் மழைக்கு மண்சரிவு. அந்த மாதங்களில் முதல் நாளே போய் நீர்கொழும்பில் தங்குங்கள். ரயிலை நம்பினால் வெள்ளமில்லாத காலத்திலும் பொலன்னறுவைக்கு அப்பால் யானை தண்டவாளத்தில் நின்று இரண்டு மணித்தியாலத்தை விழுங்கிவிடும். பிஸ்னஸ் பயணிக்கும் கவுண்டர் 60 நிமிடத்துக்கு முன் மூடும். தனி வரிசை என்பது நீளம் குறைந்த வரிசை, பிந்தி வர அனுமதி அல்ல.

கேள்வி: மாலைதீவில் சுழியோடி முடித்த அன்று மாலையே பிஸ்னஸில் திரும்பலாமா? படுத்துக்கொண்டு வந்தால் பரவாயில்லை என்கிறார் நண்பர்.
(கல்குடா வாசகர்)

பதில்: கூடாது. ஆபத்து, உடலில் கரைந்திருந்து அமுக்கம் குறையும்போது குமிழியாகும் நைதரசன் வாயுவால். விமான அறையின் அமுக்கம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். முன் ஆசனத்துக்கும் பின் ஆசனத்துக்கும் ஒரே காற்று. ஒரு தடவை மட்டும் மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணித்தியாலம், பல தடவை அல்லது பல நாள் என்றால் 18. அந்த வாயு வெளியேற இடையிடையே நின்று நின்று மேலே ஏறவேண்டிய ஆழமான சுழியோட்டம் என்றால் 24க்கும் மேல் விடுங்கள். மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9இல் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலைப் பார்த்தவர்களுக்கு அந்த வகை பழக்கமாயிருக்கும்; 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. கடல் விமானமும் பறப்புத்தான். கடைசி நாளை முகமூடியும் குழாயுமாக மேல்நீரில் கழியுங்கள்.

கேள்வி: மாலேயில் வேலை செய்யும் தம்பிக்கு எருமைத் தயிர்ச் சட்டி கொண்டுபோகலாமா?
(களுவாஞ்சிக்குடி வாசகி)

பதில்: கைப்பையில் முடியாது. தயிர் திரவக் கணக்கு. 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள், பிஸ்னஸுக்கும் அதே சட்டம். பொதிக்குள் போட்டால் சட்டி உடைந்து உடுப்பெல்லாம் தயிர். கஜுவும் தொதலும் கொண்டுபோங்கள். பூசைக்கென்று விக்கிரகம் எதுவும் வைக்கவேண்டாம், அங்கே சுங்கத் தடை; மதுவும் அப்படியே, கட்டுநாயக்க வரியில்லாக் கடைப் போத்தல் உட்பட. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட் மணி, சரி. 30,000 என்றால் 111. நூறைத் தாண்டுவதால் முன் அனுமதி வேண்டும்.