டிஸ்லெக்சியா என்றால் என்ன? பெற்றோர் என்ன செய்யலாம்?

நன்றாகப் பேசுகிற பிள்ளை ஒரு பத்தியை வாசிக்கத் தொடர்ந்து திணறினால் அது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம், அதாவது எழுத்தை அதன் ஒலியோடு சட்டென்று இணைப்பது மூளைக்குச் சிரமமாக இருக்கும் நிலை. குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. புதிதாகக் கார் ஓட்டுபவருக்குக் கியரிலேயே கவனம் போய்விடுவதால் சாலை சரியாகக் கண்ணில் படாது இல்லையா, அப்படித்தான் எழுத்துக்கூட்டுவதிலேயே சக்தி தீர்ந்து, படித்ததன் பொருள் மனதில் நிற்காது. சோம்பல் என்று திட்டத் திட்ட, 'நான் மக்கு' என்று பிள்ளையே நம்பிவிடும். அந்தக் காயம் வாசிப்புச் சிக்கலைவிடப் பெரியது என்பேன். முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். பாடத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பதிலை வாயால் சொல்லவிடுங்கள். அப்புறம் தகுதியானவரிடம் மதிப்பீடு செய்து, எழுத்து-ஒலிப் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குங்கள். பலர் நினைப்பதுபோல் இது பார்வைக் கோளாறு அல்ல, கண்ணாடி போட்டால் சரியாகாது. அறிவுக் குறைவும் அல்ல.