காதில் சொட்டு மருந்து விட்டால் தலை சுற்றுகிறதே?

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்த சொட்டு மருந்தைக் காதில் விட்டதும் தலை சுற்றுகிறது. பாதி வெளியே வழிந்துவிடுகிறது. ஏன்?

பதில்: குளிர்ச்சிதான் காரணம். சில்லென்ற திரவம் உள்காதின் சமநிலை உறுப்பைத் தூண்டிவிடும். பாட்டிலை உள்ளங்கையில் 2, 3 நிமிடம் பொத்தி வைத்திருந்து, பிறகு காதில் விடுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

ஒருக்களித்துப் படுத்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த காதுக்குழாய் நேராகும். 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கீழும் பின்னுமாக. குழாயின் சுவரோரமாகச் சொட்டுங்கள். நடுவே விட்டால் உள்ளிருக்கும் காற்று மருந்தை இறங்கவிடாது. பிறகு காதுத் துளைக்கு முன்னுள்ள சிறு மேட்டை நாலைந்து முறை அழுத்தி, 5 நிமிடம் அப்படியே படுத்திருங்கள். பாட்டில் முனை காதில் படக்கூடாது.

மருந்து தொண்டையில் கசந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். எல்லாச் சொட்டு மருந்தும் அதற்கு ஏற்றதல்ல. அடுத்த வேளைக்கு முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.