கன்சீத்தோ என்றால் கன்சீத்தோதான்

வணக்கம் சார். ஊரடங்கு காலத்தில் ஒரு ஸ்பானிஷ் தொடர் பார்த்ததிலிருந்து அந்தப் பக்கத்துப் படங்கள் மேல் பைத்தியமாக இருக்கிறேன். எல்லாம் டப்பிங்கில்தான் பார்க்கிறேன். சப்டைட்டில் படித்தால் படத்தைக் கோட்டை விட்டுவிடுகிறேன். மெக்சிகோ, ஸ்பெயின், அர்ஜென்டினா எல்லாம் ஒரே மொழிதானே, எங்கே தொடங்கினால் என்ன? ஓடிடியில் கிடைக்கிற பத்துப் படங்கள் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

ஓடிடியில் எது கிடைக்கும் என்பது என்னைவிட உங்கள் செல்பேசிக்கு நன்றாகத் தெரியும். பட்டியலை அப்புறம் பார்ப்போம். "ஒரே மொழிதானே" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். போன வாரம்தான் 'ரோமா'வை மறுபடி பார்த்தேன். அதிலிருந்து இதே யோசனைதான்.

2018-இல் வந்த மெக்சிகோ படம். ஸ்பானிஷ் பேசுகிற ஸ்பெயினுக்கு அதைக் கொண்டுபோனபோது ஸ்பானிஷிலேயே சப்டைட்டில் போட்டார்கள்! கோபித்துக்கொள்வதற்கு மெக்சிகோக்காரர் 'எனோஹார்' என்பார். கீழே 'என்ஃபதார்' என்று ஓடியது. 'கன்சீத்தோ' என்பது மெக்சிகோ பிள்ளைகள் தின்கிற, ஜாம் வைத்து சாக்லேட் பூசிய சின்ன கேக். அது 'கன்ச்சீத்தோ' ஆகிவிட்டது. அதாவது, சீஸ் வாசனை அடிக்கும் மொறுமொறுத் தீனி. பிள்ளை கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று. இயக்குநர் அல்போன்சோ குவரோன் கொதித்துப்போய், இது ஸ்பெயின்காரர்களுக்கே அவமானம் என்றார். அந்த சப்டைட்டிலை எடுத்துவிட்டார்கள்.

ஸ்பெயினுக்கு இது பழைய வியாதி. 1941-இல் அங்கே ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு, வெளிநாட்டுப் படம் எதுவும் ஸ்பானிஷில் டப் செய்துதான் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டது. குரலை மாற்றுகிறவன் கதையையும் மாற்றலாம் அல்லவா? 'மொகாம்போ' என்ற ஹாலிவுட் படத்தில் நடிகை கிரேஸ் கெல்லி கணவன் இருக்கும்போதே இன்னொருவரைக் காதலிப்பார். கள்ளக்காதலை மறைக்க வேண்டி அந்தக் கணவனை டப்பிங்கில் அண்ணன் ஆக்கினார்கள். திரையில் அண்ணனும் தங்கையும் ஒரே கூடாரத்தில் படுக்கிறார்கள்! ஒழுக்கம் காத்த லட்சணம் அது. கட்டாயம் சில வருடங்களில் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நீங்களோ யாரும் கட்டாயப்படுத்தாமலே டப்பிங்கில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். சப்டைட்டில் சிரமம் எனக்கும் தெரியும். கல்லூரி நாட்களில் ஒரு திரைப்படச் சங்கத்தில் ஸ்பெயின்காரரான இயக்குநர் புனுவெல் 1950-இல் மெக்சிகோவில் எடுத்த 'லோஸ் ஒல்விதாதோஸ்' போட்டார்கள். சப்டைட்டிலே இல்லாத பிரதி. பாதிக் கூட்டம் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டது. கையில் டீக்குக் காசில்லாததால் நான் உட்கார்ந்திருந்தேன், பெரிய ரசனை எல்லாம் ஒன்றுமில்லை. தெருப் பையன்கள் கல்லால் அடித்து வீழ்த்திய குருட்டுப் பாடகர் மண்ணில் கிடக்கிறார். தலையைத் தூக்கினால் முகத்துக்கு நேரே ஒரு கோழி. கடைசியில் ஒரு பையனை போலீஸ் சுடும்போது அதே கிழவர் கத்துகிறார். ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் அது அழுகை இல்லை என்று மட்டும் தெரிந்தது. அன்றிரவு விடுதிக்கு நடந்தபோது அந்தக் குரல் கூடவே வந்தது. "ஒருத்தன் குறைஞ்சான், ஒருத்தன் குறைஞ்சான்" என்றுதான் கத்தினார் என்பது பல வருடம் கழித்துத் தெரிந்தது. இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேனே அந்தக் கிழவருக்காக! அந்த வெறுப்பை ஏசி அறையில் உட்கார்ந்த எந்த டப்பிங் கலைஞர் தருவார்?

சரி, பத்துப் படம் கேட்டீர்கள். முதலில் 'ரோமா'. மூலக்குரலில், ஹெட்போன் போட்டு. வேலைக்காரப் பெண் கிளியோ முதலாளி வீட்டாரிடம் ஸ்பானிஷ் பேசுவாள், தோழியிடம் மிஸ்தெக் என்ற மெக்சிகோப் பழங்குடி மொழி. டப்பிங்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டால் அவள் யார் என்பதே போயிற்று. தெருவில் கத்தி சாணை பிடிக்கிறவரின் குழல் எந்தெந்த இடத்தில் கேட்கிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். மற்ற ஒன்பதை அதற்குப் பிறகு சொல்கிறேன்.