வேலூர் கோட்டையில் நடக்கும் நீர்வண்ண வகுப்புக்குப் போகலாமா, வீடியோ போதாதா?

வீடியோ பார்த்தே ஓரளவு வரைகிறேன், இரண்டு நாள் வெளிப்புற வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம். முக்கியக் காரணம் நம் ஊர் வெயில்தான்.

வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வரைந்தால் தாள் நிதானமாகக் காயும். ஏப்ரலில் காலை ஒன்பது மணிக்கு அகழிக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். வானத்தின் ஒரு மூலையைத் தீட்டி மறுமூலைக்குப் போவதற்குள் முதல் மூலை காய்ந்து கோடு விழுந்துவிடும். பக்கத்தில் ஒருவர் இருந்து, "தாளின் பின்புறத்தையும் நனைங்க" என்று சொன்னால்தான் அது மண்டையில் ஏறும். இதற்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாள் வேண்டும். மெல்லிய தாள் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

கோட்டையின் கருங்கல் சுவருக்குக் கறுப்பு டியூபைத் திறக்காதீர்கள். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் வரும். அல்ட்ராமரைனின் துகள்கள் தாளின் குழிகளில் தங்குவதால் கல்லின் சொரசொரப்பும் தானாகவே கிடைத்துவிடும்.

வெயில் நகர நகர நிழலும் நகரும்; அதனால் நிழலை முதலிலேயே பென்சிலால் குறித்துவிட்டு அப்படியே விடுங்கள். நான் ஒருமுறை அதைத் திருத்தித் திருத்தி, ஒரே படத்தில் இரண்டு சூரியனை வைத்தவன்.

அப்புறம், கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களை முதல் நாளே தொடாதீர்கள். அந்தச் சிற்ப வேலைப்பாடு ஆளை விழுங்கிவிடும்.

பணம் கட்டுமுன் ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். முப்பது பேர் என்றால், சரி, வீடியோவே போதும்.